உபயம் எழுதாத சுவர்

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். வட்டி குறைச்சலாக இருக்கிறதென்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வட்டியைக் கூட்டிப் பிடித்துவிட்டீர்கள் என்று கவுண்டரில் நின்று அழுதவர்களும் உண்டு. "எனக்கு எதுக்கு வட்டி போட்டீங்க?" என்று கேட்டவர்களை மட்டும் ஒரே ஒரு ஊரில்தான் பார்த்தேன். மீமிசலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினால் கருவாட்டு வாசமும் அத்தர் வாசமும் சேர்ந்தே வரவேற்கும். நாலரை வருஷம் அங்கே இருந்தேன். இன்றைக்கும் பஸ்ஸில் அத்தர் பூசியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கிளையும், காலும் ஆடி கையும் ஆடும் என் நாற்காலியும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். வாய் கொஞ்சம் நீளம். பதவி உயர்வு கொடுத்து அவ்வளவு தூரம் அனுப்பியதற்கு அந்த வாய்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆவுடையார்கோவிலில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கடன் பிரிவு என் பொறுப்பு. "பணம் புழங்குற ஊரு மேடம், கடனை அள்ளிக் கொடுக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பணம் புழங்கியது உண்மை. வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருந்தார். மாதம் பிறந்தால் பணம் வந்து குவியும். ஆனால் கடன் கேட்க ஒரு ஈ காக்கை வராது. விண்ணப்பப் படிவங்களைக் கறையான் தின்றதுதான் மிச்சம். வாரம் ஒருமுறை மேலிடத்திலிருந்து போன் வரும். ஊரே வளருது, உங்கள் கிளை மட்டும் ஏன் தூங்குது என்பார்கள். நான் கதவு கதவாகத் தட்டினேன். புதிதாகக் கட்டிய ஒரு இரும்புக் கடையில் போய், வியாபாரக் கடன் வேண்டுமா என்று கேட்டேன்.

"ஜித்தாவுல இருக்க மச்சான் முதல் போட்டிருக்காருங்க. ஒழைப்பு என்னோடது. லாபம் வந்தா ஆளுக்குப் பாதி" என்றார் கடைக்காரர்.

"நட்டம் வந்தா?"

"அவரு முதலு போகும், என் ஒழைப்பு போகும். வேறென்ன?"

"பத்திரம் ஏதாச்சும்?"

"எழுதி வச்சிருக்கோம். படிச்சுப் பார்க்கத்தான் இன்னும் வேலை வரலை" என்று சிரித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். படித்த படிப்பெல்லாம் வீணாகிவிட்டதே என்று எரிச்சலோடு டீயைக் குடித்தேன். டீ நன்றாக இருந்தது, அதில் இன்னும் எரிச்சல்.

இந்த ஊரில்தான் சில்லறை அம்மாவைச் சந்தித்தேன். பெயர் வைத்தது நான்தான். அப்போதெல்லாம் சேமிப்புக் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி ஏறும். ஏறிய மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். கறுப்பு புர்கா, கையில் ஒரு மஞ்சள் பை. கணவர் ரியாத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை. பாஸ்புக்கை நீட்டி, "வட்டி மட்டும் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்பார். சொன்னதும் அந்தத் தொகையை மட்டும் எடுப்பார். முதல் தடவை ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று என்று நினைவு. ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லை, நாற்பதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அந்த ஒரு ரூவாயும் என்னோடது இல்லைங்களே மேடம்" என்றார்.

காசாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றில் தனியாகப் போட்டு, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கவர் மஞ்சள் பைக்குள் போகவில்லை. பைக்குள் வீட்டுச் செலவுப் பணம் இருந்ததாம்.

"வர்ற சீதேவியைக் காலால எத்துறீங்களே" என்று இரண்டாம் தடவை கேட்டே விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வட்டி வாங்கக் கூடாது. வங்கியில் போட்டால் தானாக வந்துவிடுகிறது. வந்ததைத் தின்னவும் கூடாது, உடுத்தவும் கூடாது. சாக்கடை, தெருக்குழாய், யாராவது கஷ்டப்பட்டவர் என்று எதிலாவது போய்ச் சேர்த்துவிட வேண்டும். அதற்காக நன்மை கிடைக்கும் என்றும் நினைக்கக் கூடாது. கையில் ஒட்டிய அழுக்கைக் கழுவுவது மாதிரி. "அழுக்குக் கழுவுனா யாராச்சும் கூலி கேப்பாங்களா?"

எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வைப்புநிதியில் போட்டால் இன்னும் கூட வரும் என்று வேறு சொன்னேன். குடிகாரனிடம் இன்னும் நல்ல சரக்கு இருக்கிறது என்று சொன்னாலாவது அவன் சந்தோஷப்படுவான். இவர் முகம் வாடிவிட்டது.

மூன்றாவது வருஷம், வட்டி ஏறாத ஒரு மாதத்தில் வந்தார். கூட மகள். பத்தாம் வகுப்பு, அரசுப் பெண்கள் பள்ளி. முகமெல்லாம் வெளிறி, நடக்கவே சிரமப்பட்டது. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து கூட்டி வருகிறாராம். வைத்தியச் செலவுக்குப் பணம் எடுக்க வந்திருந்தார்.

"என்ன செய்யுது பிள்ளைக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீர்க்கடுப்பு, அதுல காய்ச்சல். இது மூணாவது தடவை. தண்ணியே குடிக்கிறதில்லைங்க. காலையில போனா சாயங்காலம் வாரவரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்குது. பள்ளிக்கூடத்துல இருந்த கக்கூஸு இடிஞ்சு விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எழுதிப் போட்டிருக்காங்களாம், வரும்ங்கிறாங்க. நான் பிள்ளையை நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்து கத்தினேன். "நிப்பாட்டுவீங்களா? என்னை எங்கப்பா நிப்பாட்டியிருந்தா இந்தச் சீட்டுல எவன் உக்காந்திருப்பான்?" அப்பா வாத்தியார். மாற்றலாகிக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார், நானும் அங்கேயே படித்தேன். சுற்றிலும் முந்திரிக் காடு. பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்க அந்தக் காடுதான். காய் பறிக்கிற காலத்தில் காட்டுக்காரர்கள் இருப்பார்கள், அதுவும் கிடையாது. ஐந்து வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. மண்பானையில் தண்ணீர் இருக்கும், பையன்கள் குடிப்பார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இதையெல்லாம் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் கேட்க, வெட்கமில்லாமல் சொன்னேன்.

சில்லறை அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊருங்க மேடம் அது?" என்றார். சொன்னேன். "அங்கிட்டு பஸ்ஸு எப்படிப் போகும்?" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து, அதையும் எரிச்சலோடு சொல்லித் தொலைத்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சாக்கடைக்குப் போடுறீங்க, தெருக்குழாய்க்குப் போடுறீங்க. ஊர் வட்டியையெல்லாம் சேர்த்து இந்தக் கக்கூஸைக் கட்டினா என்ன?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தும் போனது. "மத்தவங்க தரலாம். நான் தர முடியாதுங்க. என் பிள்ளை போற எடத்துக்கு என் வட்டியைப் போட்டா, அது நானே தின்ன மாதிரிதானே?"

சேசுவே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். யாருக்கு இந்தக் கக்கூஸ் உயிர் போகிற அவசரமோ, அவர்களால் காசு போட முடியாது. விடுவேனா? பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னேன். அவர் பெரியவர், சிரித்துக்கொண்டே சொன்னாராம்: பொது இடம்தானே, ஊருக்குத்தானே, போடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, மனசு உறுத்தினால் விட்டுவிடு. சில்லறை அம்மாவுக்கு உறுத்தியது. அதற்கு மேல் அசைக்க முடியவில்லை.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பள்ளியில் படிக்கிற பெண் பிள்ளைகள் இல்லாத வீடுகளைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்கினார். பையன்கள் மட்டும் உள்ள வீடு, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்ட வீடு, வயசாளிகள் வீடு. மகளை நிறுத்தும் பேச்சைத் தள்ளி வைத்திருந்தார், விட்டுவிடவில்லை. மழைக்காலத்துக்குள் கட்டடம் எழும்பினால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் வீடு. அந்தப் பெண் தினமும் சாயங்காலம் வந்து, "இன்னைக்கு எத்தனை கவர் வந்துச்சு மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போகும். பள்ளியிலிருந்து நேராக வந்ததால் உதடு காய்ந்திருக்கும். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். எங்கள் கிளையில் அதிகாரிகள் கழிப்பறை ஒன்று உண்டு. அதன் சாவியையும் நீட்டுவேன்.

கவர்கள் வந்தன. எல்லாம் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்த கவர்கள். இரும்புக் கடைக்காரர் பல வருஷமாகக் கணக்கிலேயே விட்டுவைத்திருந்த வட்டியைத் துடைத்துக் கொடுத்து, "அப்பாடா" என்றார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, தலைமையாசிரியை அனுமதி வாங்கி, கொத்தனாரைப் பிடித்து, ஐப்பசி அடைமழைக்கு நாலு நாள் முன்னால் ஆறு அறைகளோடு கட்டடம் எழும்பிவிட்டது. சில்லறை அம்மா தன் பங்குக்குக் குடிதண்ணீர்த் தொட்டி ஒன்று வாங்கி வைத்தார். "இது வீட்டுக்காரர் வேர்வை சிந்துன காசு. இதுக்கு நன்மை வேணும்" என்று அழுத்திச் சொன்னார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

நல்லது செய்தால் பெயரை எழுதி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். எங்கள் மாதா கோயிலில் முழந்தாள் போடும் பெஞ்சில்கூட உபயம் இருக்கும். டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைத்தவர்கள் நாம். அதனால் புதுக்கோட்டையில் சொல்லி, என் சொந்தக் காசில், கறுப்புக் கல்லில் இருபத்து மூன்று பேரின் பெயரையும் தங்க எழுத்தில் வெட்டி, யாருக்கும் சொல்லாமல் முதல் நாளே வாசலில் பதித்துவிட்டேன். திறக்கிற அன்று அத்தனை பேரையும் அழைத்து, திரையை நானே விலக்கினேன்.

கைதட்டல் வரும் என்று நின்றேன். வரவில்லை. இரும்புக் கடைக்காரர் தன் பெயரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சில்லறை அம்மா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "குப்பையை அள்ளிக் கொட்டுனதுக்கு மாலை போடுவாங்களா மேடம்? வட்டி வந்துச்சுன்னு ஊருக்கே எழுதி வச்ச மாதிரி ஆயிருச்சு. அதோட..." தயங்கினார். "அந்தப் பேருகள்ல பாதிக்கு மேல அல்லாவோட பேரு கலந்திருக்குங்க. கக்கூஸு வாசல்ல..."

காதெல்லாம் எரிந்தது. மூன்று வருஷம் இந்த ஜனங்களின் பெயரை ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதியிருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று பிற்பகலே கொத்தனார் கல்லைப் பெயர்த்து, மைதானத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் எழுத்துகளைச் செதுக்கி எடுத்தார். சிதறிய சில்லுகளைச் சில்லறை அம்மா உட்கார்ந்து ஒன்று விடாமல் பொறுக்கி, கடலில் விடுவதற்காகத் துணியில் கட்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். "நல்ல மனசுலதானே செஞ்சீங்க, விடுங்க" என்றார். விடுகிற ஆளா நான்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது எரியும்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் வங்கிக்கு வந்தது. நான் பாட்டிலை நீட்டினேன். "வேண்டாம் மேடம், நெறையக் குடிச்சிட்டேன்" என்றது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகளை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று சில்லறை அம்மா ஒரு டப்பா நிறையத் தொதல் அல்வா கிண்டிக் கொண்டுவந்தார். அவரும், மகள் படிக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் அந்தக் கட்டடத்தில் வட்டியைப் போடவில்லையே, அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். "போக வேண்டிய எடத்துக்குப் போகுதுங்க மேடம்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அதன்பின் உலகம் தலைகீழாகிவிட்டது. வட்டி ஏறினால் போனில் மணி அடிக்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் போய்விடுகிறது. கல்லூரிகளில் வட்டியில்லா வங்கியியல் என்று ஆராய்ச்சியே செய்கிறார்களாம். அந்தப் பெண் அறந்தாங்கியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறது, பெருநாளைக்கு எனக்கு வாழ்த்து அனுப்பும். எனக்கென்னவோ கவுண்டர்தான் ஞாபகத்தில் இருக்கிறது. வட்டியை இப்படி ஒரு ரூபாய் விடாமல் எண்ணி விலக்கிய கைகளை நேருக்கு நேர் பார்த்த காலம் அது. அந்தக் காலம் போய்விட்டதில் எனக்கு வருத்தம்தான்.

ஓய்வு பெற்றபின், போன வருஷம், நான் படித்த பள்ளியில் பழைய மாணவர்கள் கூடினோம். முந்திரிக் காட்டில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. பள்ளிக்குள் திரும்பிய பக்கமெல்லாம் உபயம். கேட்டில், கடிகாரத்தில், மின்விசிறியில். தலைமையாசிரியர் அறையில் நான் சில வருஷம் முன்னால் ஆள் மூலம் அனுப்பிய இரும்பு பீரோ நின்றது. அதன் இரண்டு கதவிலும் சிவப்பு எழுத்தில் என் பெயர், பட்டம், பதவி எல்லாம் நீளமாக இருந்தது. கல் விஷயத்தில் அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.

தலைமையாசிரியரோடு பின்பக்கம் போனேன். பெண் பிள்ளைகளுக்கு எட்டு அறைகளோடு ஒரு கழிப்பறைக் கட்டடம். சுத்தமான வெள்ளைச் சுவர். அதில் ஒரு எழுத்து இல்லை.

"இது யார் உபயம் சார்?" என்று கேட்டேன்.

"அது ஒரு கதைங்க மேடம்" என்றார் தலைமையாசிரியர். "கடக்கரைப் பக்கமிருந்து ஒரு பாயம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பஸ்ஸு மாறி மாறி வருவாங்க, அஞ்சாறு வருஷமா. பத்துப் பன்னெண்டு பழைய கல்யாணக் கவர்ல பணம் இருக்கும். பேரு சொல்ல மாட்டாங்க, எழுதவும் கூடாதுன்னுட்டாங்க. ரசீதை மட்டும் வாங்கிட்டுப் போய் மத்தவங்ககிட்டக் காட்டணும்பாங்க. எல்லாம் சில்லறையோட இருக்கும். ஒரு தடவை ஒரு ரூபாய்க் காசு உருண்டு என் ரூம்ல இருக்கிற பீரோவுக்கு அடியில போயிருச்சு. போகுது விடுங்கம்மான்னேன். கேக்கலையே. தரையில படுத்துக் கையை விட்டு எடுத்து வச்சுட்டுத்தான் எந்திரிச்சாங்க. எந்திரிக்கும்போது பீரோவுல இருந்த பேரை வாசிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க."

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். சில்லறை அம்மாவின் எண்ணும் இருந்தது. என்ன சொல்ல? நன்றி என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும், அந்தக் கல்லை மறுபடி பதித்த மாதிரி ஆகிவிடும். போனைப் பைக்குள் போட்டேன். அந்த வெள்ளைச் சுவரில் கையை ஊன்றி நின்றேன்.

"என்ன மேடம், தண்ணி ஏதும் வேணுமா?" என்றார் தலைமையாசிரியர்.

"கொடுங்க சார்" என்றேன். ஒரு பிள்ளை பெரிய சொம்பில் கொண்டுவந்து கொடுத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்று, முதல் தடவையாக, சொம்பு காலியாகும் வரை குடித்தேன்.